ஹைப்ரிட் காரும் என் நாற்பது பக்க நோட்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காகச் சில கணக்குகளைச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



போன கூட்டத்தில் மழைநீர் வடிகால் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் தெருவிளக்கு. இந்த முறை என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், காலையில் பூங்காவில் நடக்கும்போது நீங்கள் என்னிடம் கேட்கும் ஒரே கேள்விதான். "சார், உங்க பையன் ஹைப்ரிட் வண்டி வாங்கினாரே, என்ன மைலேஜ் கொடுக்குது?"

ஒருவரிடம் "இருபத்தொண்ணு" என்று சொன்னேன். "அவ்வளவுதானா? விளம்பரத்துல இருபத்தேழுன்னு போட்டிருக்காங்களே" என்றார். அடுத்த ரவுண்டில் இன்னொருவரிடம் அதே இருபத்தொன்றைச் சொன்னேன். "அடேயப்பா, என் வண்டி பன்னிரண்டைத் தாண்ட மாட்டேங்குதே" என்றார். ஒரே எண் ஒருவருக்கு நஷ்டமாகவும் மற்றவருக்கு லாபமாகவும் தெரிகிறது. அதனால் முழுக் கணக்கையும் ஒரே நாளில் எல்லோர் முன்பும் வைத்துவிடலாம் என்று செயலாளரிடம் சொன்னேன்.

நான் மெக்கானிக் அல்ல, இன்ஜினியரும் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது வரவும் செலவும்தான். வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் செய்ததாகிவிடும். ஆனால் இந்தக் கணக்கில் நான் செய்த மூன்று தவறுகளையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன். உங்களுக்கு அதிகம் பயன்படப் போவது அவைதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பின்னணி. என் மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். நங்கநல்லூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை ஏறி, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் வரை ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அங்கிருந்து வலது பக்கம் திரும்பி, வாலாஜாபாத் சாலையில் படப்பை வழியாக ஒரகடம் 22 கிலோமீட்டர். போக 40, வர 40. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். வருடத்தில் 275 நாள் என்று வைத்தால் 22,000 கிலோமீட்டர்.

2023-ல் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். "அப்பா, மாசம் பதினாலாயிரம் பெட்ரோலுக்கே போகுது. பழைய வண்டியும் செலவு வைக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரகடம் பக்கமே வாடகைக்கு வீடு பார்த்துட்டுப் போயிடலாமான்னு யோசிக்கறேன்." அவன் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் பேத்தியின் பள்ளிக்கூடம் இங்கே. என் மனைவிக்கு மூட்டு வலி. இந்த வீட்டைக் கட்டியது எல்லோரும் சேர்ந்து இருக்கத்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன்.

புது வண்டி எப்படியும் வாங்க வேண்டும். ஒரே மாடலில் சாதாரண பெட்ரோல் வண்டியும் ஹைப்ரிட் வண்டியும் இருந்தன. வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஹைப்ரிட் 2,40,000 ரூபாய் கூடுதல். பழைய வண்டி இந்தப் பாதையில் லிட்டருக்கு 13 கொடுத்தது. ஷோரூம்காரர் டெஸ்ட் டிரைவுக்குக் கொடுத்த ஹைப்ரிட்டின் டேஷ்போர்டில் 23 என்று காட்டியது. 22,000 கிலோமீட்டருக்குப் பழைய வண்டி 1,692 லிட்டர் குடிக்கும். ஹைப்ரிட் 957 லிட்டர். மிச்சம் 735 லிட்டர். இந்தப் பேச்சில் எல்லாக் கணக்குக்கும் லிட்டர் 101 ரூபாய் என்று ஒரே விலை வைத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு 74,000 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த 2,40,000 மூன்றே கால் வருடத்தில் திரும்பிவிடும்.

மறுநாள் காலை தாளை மகனிடம் நீட்டினேன். "கூடுதல் பணத்தை நான் கொடுக்கறேன். அடுத்த மாசம் ஒரு டெபாசிட் முதிர்வாகுது. மூணே கால் வருஷத்துல அது திரும்பிடும். நீ எங்கேயும் போக வேண்டாம்" என்றேன். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரி என்றான். வண்டி வந்தது.

வண்டி வந்த முதல் நாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வண்டியில் வைத்தேன். முறை எளிது. நீங்களும் செய்யலாம். ஒரே பங்கில், கூடுமானவரை ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள். டிரிப் மீட்டரை பூஜ்யம் செய்யுங்கள். அடுத்த முறை அதேபோல் நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை அப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரு முறை குழாய் அரை லிட்டர் முன்னதாக நின்றாலே எண் மாறிவிடும். பத்து டேங்க் சேர்ந்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். வெளியூர் போன டேங்குகளைத் தனிப் பக்கத்தில் எழுதி, கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு வருடத்தில் 27 முறை நிரப்பினான். மொத்தம் 21,940 கிலோமீட்டர், 1,046 லிட்டர். லிட்டருக்கு 21. அதே வருடம் டேஷ்போர்டு காட்டிய சராசரி 22.4. டேஷ்போர்டு எண் பாஸ்புக் அல்ல, வண்டியே போடும் உத்தேசம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிரப்பிய லிட்டர்தான் பாஸ்புக்.

விளம்பரத்தில் இருக்கும் 27 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது பொய் அல்ல. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்கள், வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, குறிப்பிட்ட ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்கின்றன. மொத்தம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. உச்ச வேகம் 90. ஏ.சி. ஓடாது. பல்லாவரம் சிக்னலில் மே மாதம் ஏ.சி. இல்லாமல் யார் நிற்கிறோம்? எல்லா வண்டிக்கும் ஒரே சோதனை என்பதால், இரண்டு வண்டிகளை ஒப்பிட அந்த எண் உதவும். மாத பட்ஜெட் போட அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. சாதாரண பெட்ரோல் வண்டியும் அதன் சான்றிதழ் எண்ணிலிருந்து இதேபோல் குறையத்தான் செய்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதையும் கொஞ்சம் கழித்துத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். முதல் வருடம் முடிந்ததும் நோட்டை எடுத்துவைத்து, ஆடிட்டுக்குத் தயார் செய்வதுபோல் பழைய தாளோடு ஒப்பிட்டேன்.

முதல் தவறு: பழைய வண்டிக்கு டேங்க் கணக்கை எடுத்துக்கொண்டு, புது வண்டிக்கு டேஷ்போர்டு எண்ணை எடுத்திருந்தேன். ஒரு பக்கம் ரொக்கம், மறுபக்கம் உத்தேசம்.

இரண்டாவது: ஹைப்ரிட்டைப் பழைய வண்டியோடு ஒப்பிட்டிருந்தேன். பழைய வண்டி எப்படியும் போகப்போவதுதான். கூடுதல் 2,40,000 கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்று பார்க்க, அதே மாடலின் சாதாரண பெட்ரோல் வண்டியோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? அந்த வண்டி நம் காலனியிலேயே இரண்டாவது தெரு நண்பரிடம் இருக்கிறது. அவரிடம் கேட்டு, ஒரு வாரம் வண்டியை மாற்றிக்கொண்டோம். என் மகன் அதில் ஒரகடம் போய்வந்தான். டேங்க் கணக்கில் 14.5 கொடுத்தது. அதாவது வருடத்துக்கு 1,517 லிட்டர். ஹைப்ரிட் 1,047. மிச்சம் 470 லிட்டர், 47,400 ரூபாய். நான் தாளில் எழுதியது 74,000.

மூன்றாவது தவறைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வங்கியில் இத்தனை வருடம் வேலை பார்த்தவன், வட்டியை மறந்துவிட்டேன். 2,40,000 ரூபாயை 7 சதவீத டெபாசிட்டில் போட்டிருந்தால் முதல் வருடம் 16,800 வந்திருக்கும். அதைக் கழிக்காமல் 'முதல் திரும்பியது' என்று சொல்ல முடியாது.

இப்போது திருத்திய கணக்கு. ஆரம்ப பாக்கி 2,40,000. வட்டி 16,800 சேர்த்து, மிச்சமான 47,400-ஐக் கழித்தால் முதல் வருட முடிவில் 2,09,400. இரண்டாம் வருட முடிவில் 1,76,700. மூன்றாம் வருடம் 1,41,600. நான்காம் வருடம் 1,04,100. ஐந்தாம் வருடம் 64,000. ஆறாம் வருடம் 21,100. ஏழாம் வருடத்தின் நடுவில் பாக்கி தீர்கிறது. நான் மகனிடம் சொன்னது மூன்றே கால் வருடம். உண்மை ஆறரை வருடம். எங்கள் வண்டியின் ஹைப்ரிட் பேட்டரிக்கு வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னதோ அது. இவன் ஓட்டும் ஓட்டத்துக்கு 1,60,000 ஏழே கால் வருடத்தில் வந்துவிடும். முதல் திரும்பும் நாளுக்கும் வாரண்டி முடியும் நாளுக்கும் நடுவே ஒரு வருடம்கூட இல்லை. விற்கும்போது ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் விலை வரலாம், வராமலும் போகலாம். அதை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைத்திருக்கிறேன்.

இந்த மூன்று தவறுகளையும் பார்த்தபோது வேறொன்று உறைத்தது. கவுண்டரில் அவசரத்தில் வரும் தவறுகள் இரண்டு பக்கமும் விழும். ஒரு நாள் ரொக்கம் கூடும், ஒரு நாள் குறையும். எல்லாத் தவறும் ஒரே பக்கம் விழுந்தால், மேலதிகாரி அந்த லெட்ஜரை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார். என் தாளில் மூன்று தவறும் ஒரே பக்கம் விழுந்திருந்தன. மகன் இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் முதலில் முடிவு செய்துவிட்டேன். கணக்கு அதன் பின்னால் வந்தது. நீங்கள் வண்டி வாங்கக் கணக்குப் போடும்போது இதை நினைவில் வையுங்கள். புது வண்டி மேல் ஆசை வந்தபின் போடும் கணக்கு, ஆசையின் பக்கமே சாயும். வண்டி மேல் ஆசை இல்லாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஹைப்ரிட் ஏமாற்றா? இல்லை. அது எங்கே சம்பாதித்துக் கொடுக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். வண்டியை மாற்றிக்கொண்ட அந்த வாரத்தில், மகன் வண்டலூரில் திரும்பும்போதெல்லாம் மீட்டரைக் குறித்துக்கொண்டான். ஹைப்ரிட்டிலும் அதேபோல் ஒரு வாரம் குறித்தான். டேஷ்போர்டு கூட்டிக் காட்டுவதை டேங்க் கணக்குக்குத் தக்கபடி குறைத்து எழுதினேன். நங்கநல்லூரிலிருந்து வண்டலூர் வரை உள்ள 18 கிலோமீட்டர் நெரிசலில், பெட்ரோல் வண்டி 1.57 லிட்டர் குடித்தது, ஹைப்ரிட் 0.82 லிட்டர். வண்டலூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள 22 கிலோமீட்டரில், பெட்ரோல் வண்டி 1.20, ஹைப்ரிட் 1.09. நெரிசலில் முக்கால் லிட்டர் மிச்சம். வேகமாகப் போகும் சாலையில் மிச்சம் 110 மில்லிதான். மொத்த மிச்சத்தில் எட்டில் ஏழு பங்கு, நாம் தினமும் திட்டித் தீர்க்கும் அந்த ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கிடைக்கிறது.

காரணம் இதுதான். சாதாரண வண்டியில் பிரேக் போட்டால், வண்டியின் வேகமெல்லாம் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைப்ரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் போடுகிறது. அடுத்த முறை கிளம்பும்போது அதே மின்சாரம் வண்டியைத் தள்ளுகிறது. சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும், ஏ.சி. பேட்டரியில் ஓடும். சாதாரண வண்டி ஏ.சி.யோடு நின்றால் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை வீணாகும்.

ஹைப்ரிட் பேட்டரி மிகச் சிறியது. எங்கள் வண்டியில் ஒரு யூனிட் மின்சாரம்கூட முழுதாகப் பிடிக்காது. இவ்வளவு சிறியது எப்படி இவ்வளவு மிச்சம் செய்யும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. வங்கிக் கிளையில் சில்லறைச் செலவுக்கு ஒரு பெட்டி வைத்திருப்போம். அதில் எப்போதும் கொஞ்சம் பணம்தான் இருக்கும். ஆனால் நாளெல்லாம் போவதும் வருவதுமாக இருக்கும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெரிய தொகை அதன் வழியாகப் போயிருக்கும். ஹைப்ரிட் பேட்டரி அந்தச் சில்லறைப் பெட்டி. சிக்னலுக்கு சிக்னல் போட்டு எடுத்தால்தான் அதற்கு வேலை. நேரான சாலையில் பிரேக்கே போடாமல் போனால் பெட்டிக்கு வேலை இல்லை, இன்ஜின்தான் இழுக்க வேண்டும். சில வண்டிகளை 'மைல்டு ஹைப்ரிட்' என்று விற்கிறார்கள். அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. நான் சொல்லும் கணக்கு 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்' வண்டிக்கு. வாங்கும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்ற எண்ணே நம்மைத் தடுமாற வைக்கிறது. ஒரு வண்டி 10-லிருந்து 13-க்கு உயர்ந்தது. இன்னொன்று 20-லிருந்து 26-க்கு. எதில் பெட்ரோல் அதிகம் மிச்சம்? இரண்டாவது என்றுதான் நாம் சொல்வோம். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் பாருங்கள். முதல் வண்டி 10 லிட்டரிலிருந்து 7.7 லிட்டருக்கு வந்தது, மிச்சம் 2.3. இரண்டாவது 5-லிருந்து 3.85-க்கு வந்தது, மிச்சம் 1.15. பாதிதான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் என்ற இருவர் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் இதைத்தான் எழுதினார்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றே சொல்கிறார்கள். செலவைப் பார்க்க அதுதான் நேர் வழி. எங்கள் ஹைப்ரிட் 100-க்கு 4.8 லிட்டர். அதே மாடல் பெட்ரோல் வண்டி 6.9. உங்கள் வீட்டில் 11, 12 கொடுக்கும் பழைய வண்டி ஒன்று தினமும் நீண்ட தூரம் ஓடினால், முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

யாருக்கு ஹைப்ரிட் பொருந்தும்? நம் காலனியில் பெரும்பாலான வண்டிகள் வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அதே நெரிசல், அதே வண்டி என்று வைத்துப் பாருங்கள். 8,000 கிலோமீட்டருக்கு மிச்சமாகும் பெட்ரோல் 171 லிட்டர், 17,200 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 2,40,000-க்கு ஒரு வருட வட்டி 16,800. கையில் நிற்பது 400 ரூபாய். அந்த வேகத்தில் முதல் திரும்பும் நாளை உங்கள் பேரனின் பேரன்தான் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றபின் வரும் மொத்தத் தொகையில் ஹைப்ரிட் வாங்கலாமா என்று கேட்ட இரண்டு நண்பர்களுக்கு என் பதில் இதுதான். வண்டி அமைதியாக ஓடுகிறது, புகை குறைவு என்பதற்காக வாங்கினால் தாராளமாக வாங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்ற பெயரில் வாங்காதீர்கள். தினமும் 60, 80 கிலோமீட்டர், அதிலும் பாதியாவது நெரிசலில் ஓட்டுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய விலையைப் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைப்ரிட் வண்டிகளுக்கு 43 சதவீதமாக இருந்த மொத்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சாதாரண வண்டிகளின் வரியும் மாறியிருப்பதால், விலை வித்தியாசம் நான் சொன்ன 2,40,000-ஆகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

எலெக்ட்ரிக் வண்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 80 கிலோமீட்டருக்குச் சுமார் 12 யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 120 ரூபாய். ஹைப்ரிட்டுக்கு அதே தூரம் 385 ரூபாய். ஓட்டும் செலவில் எலெக்ட்ரிக்தான் குறைவு. எங்கள் சிக்கல் வேறு. கீழ்த்தளப் பார்க்கிங்குக்கு எங்கள் மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்க, மாடி வீடுகளின் சம்மதம் வேண்டியிருந்தது. 2023-ல் அது அமையவில்லை. அடுக்குமாடி வீடுகளில் சார்ஜிங் இணைப்புக்குப் பொதுவான ஒரு நடைமுறையைச் சங்கம் எழுதி வைத்தால் பலருக்கு உதவும்.

ஏற்கெனவே ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு, நோட்டிலிருந்து இரண்டு குறிப்புகள். சிக்னல் தெரிந்ததும் தூரத்திலிருந்தே மெதுவாகப் பிரேக்கை அழுத்துங்கள். திடீரென்று மிதித்தால், மோட்டார் வாங்கிக்கொள்ளக்கூடிய அளவைத் தாண்டி, மீதி சாதாரண பிரேக்கில் சூடாகிப் போகும். இரண்டாவது, வேகம். வாலாஜாபாத் சாலையில் இவன் 100-ல் போவான். 80-லிருந்து 100-க்கு ஏறினால், எதிர்க்காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. 22 கிலோமீட்டருக்கு 100-ல் போனால் 13 நிமிடம், 80-ல் போனால் பதினாறரை நிமிடம். மூன்றரை நிமிடம்தான் வித்தியாசம். இதைச் சொன்ன பிறகு 80-ல் போகிறான். அவன் அம்மா அதனால் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியவில்லை.

திருத்திய கணக்கை மகனிடம் எப்படிச் சொன்னேன் என்று சொல்லி முடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய தாளையும் நோட்டையும் மேஜைமேல் வைத்து, "நான் உன்கிட்ட தப்புக் கணக்கு சொல்லிட்டேன். மூணே கால் வருஷம் இல்லை, ஆறரை வருஷம்" என்றேன். அவன் காபியைக் குடித்துக்கொண்டே, "தெரியும்ப்பா. மூணாவது மாசமே தெரியும். பங்க்ல பணம் கட்டறது நான்தானே" என்றான். "அப்போ ஏன்டா சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க நோட்டு எழுதிட்டிருந்தீங்க. எப்படியும் வருஷக் கடைசியில கண்டுபிடிப்பீங்கன்னு விட்டுட்டேன்" என்றான். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவனே ஒரு வேலை செய்தான். அவன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் குரோம்பேட்டையில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் இவன் வண்டியில் அவர், இரண்டு நாள் அவர் வண்டியில் இவன். அவரும் பெட்ரோல் வண்டிக்காரர்தான். இதைக் கேட்டதும் நான் நோட்டில் ஒரு வரி எழுதினேன். சாதாரண வண்டிக்குப் பதில் ஹைப்ரிட் ஓட்டினால், இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு மிச்சம் 1.7 லிட்டர். ஒரு பெட்ரோல் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு இருவர் ஒன்றாகப் போனால், மிச்சம் ஏறக்குறைய 5 லிட்டர். அதற்கு 2,40,000 தேவையில்லை, டெபாசிட்டை உடைக்கவும் வேண்டாம்.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். நம் காலனியிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் தினமும் வண்டியில் போகிறவர்கள் பலர். சங்க அலுவலகத்தில் ஒரு ரிஜிஸ்டர் வைப்போம். வீட்டு எண், போகும் இடம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். பெண்கள் தனிப் பக்கத்தில் எழுதட்டும், அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நேரம் பொருந்துகிறவர்களைச் சேர்த்துவைக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மத்தியானத்தில் எனக்கு வேறு வேலை இல்லை.

என் மகனும் மருமகளும், பேத்தி பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை இங்கேதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதன் பிறகு என்ன செய்வது என்பது அவர்கள் போட வேண்டிய கணக்கு. அந்தத் தாளை நான் தொடப் போவதில்லை.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தவறு இருந்தால் சொல்லலாம். முதல் நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.